பவர் போட்டும் ஒண்ணும் தெரியலையா? சீரியல் கன்சோல் பத்தி வாசகர் கேள்விகள்

கேள்வி: ராஸ்பெர்ரி பை 4 வாங்கியிருக்கேன் சார், மானிட்டர், கீபோர்டு எதுவும் கிடையாது. மெமரி கார்டுல ஓஎஸ் எழுதிப் போட்டேன், பச்சை லைட் மினுக்குது, ஆனா வைஃபைல ஆளைக் காணோம். உள்ள என்ன நடக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பதில்: இதுக்குத்தான் சீரியல் கன்சோல் இருக்கு, அதாவது போர்டு சொல்ற மெசேஜை ஒயர் வழியா இன்னொரு கம்ப்யூட்டர்ல எழுத்தாப் பாத்து, அங்கிருந்தே டைப் பண்ற வழி. என்னைக் கேட்டா போர்டு வாங்குற அன்னிக்கே இதையும் செட் பண்ணி வச்சுடணும், ஏன்னா நெட்வொர்க் போனா எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியா உள்ள நுழையற முறை) போயிடும், டிஸ்ப்ளே செட்டிங் தப்பானா மானிட்டர் போயிடும், ஆனா கெர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) ஏறும்போதே பேச ஆரம்பிக்கிற வழி இது ஒண்ணுதான். வைஃபை ஏன் வரலன்னு அந்த மெசேஜுங்களே பாதி சொல்லிடும்.

வேண்டியது யூஎஸ்பி டு டிடிஎல் அடாப்டர் (கம்ப்யூட்டரோட யூஎஸ்பியை பையோட சீரியல் பின்னோட இணைக்கிறது) ஒண்ணு, ஜம்பர் ஒயர் மூணு. அடாப்டர் 3.3 வோல்ட்டா இருக்கணும், இதுல மட்டும் சமாதானமே கிடையாது. பையோட பின்கள் 5 வோல்ட் தாங்காது, சில அடாப்டர்ல 5, 3.3 மாத்துற ஜம்பர் இருக்கும், அதை மொதல்ல பாத்துட்டு அப்புறம் ஒயரைத் தொடுங்க.

40 பின் ஹெட்டர்ல போர்டு ஓரமா இருக்கிற வரிசையை எடுத்துக்கோங்க. மெமரி கார்டு பக்கத்து முனையிலிருந்து எண்ணினா மொத ரெண்டும் 5 வோல்ட், மூணாவது கிரவுண்ட், நாலாவது பை அனுப்புற டிஎக்ஸ், அஞ்சாவது பை வாங்குற ஆர்எக்ஸ். பின் நம்பர்ல சொன்னா 6, 8, 10. கிரவுண்டை கிரவுண்டோட சேருங்க, பையோட டிஎக்ஸ் அடாப்டரோட ஆர்எக்ஸுக்குப் போகணும், அதோட டிஎக்ஸ் பையோட ஆர்எக்ஸுக்கு வரணும், அதாவது குறுக்கால மாத்தி. அடாப்டர்ல இருக்கிற 5 வோல்ட் ஒயரை எங்கேயும் சொருகாதீங்க, பைக்குத் தனியா பவர் குடுக்கறப்போ அது தேவையே இல்ல. ஒயர் கலரை நம்பி சொருக வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அடாப்டர்ல அச்சடிச்ச எழுத்தைப் பாருங்க.

அடுத்து கார்டைக் கழட்டி கம்ப்யூட்டர்ல போட்டு, பூட் பார்ட்டிஷன்ல இருக்கிற கான்ஃபிக் டெக்ஸ்ட் ஃபைல்ல கடைசியா ஒரு வரி சேக்கணும்: எனேபிள், அண்டர்ஸ்கோர், யூஆர்ட், ஈக்வல், 1. இடையில ஸ்பேஸ் இல்லாம, எல்லாம் சின்ன எழுத்துல. பை 3, பை 4 ரெண்டுலயும் நல்ல யூஆர்ட் (சீரியல் டேட்டாவை அனுப்பி வாங்குற சிப் பகுதி) ப்ளூடூத்துக்குப் போயிடும், ஹெட்டருக்கு வர்றது மினி யூஆர்ட், அது சாதாரணமா மூடியே இருக்கும், இந்த வரிதான் அதைத் திறக்குது. பக்கத்துலயே சிஎம்டிலைன் டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும், அதுல கன்சோல்னு சீரியல்0வும் 115200ம் இருக்கான்னு பாருங்க. அந்த ஃபைல் முழுக்க ஒரே வரி, நடுவுல என்டர் தட்டிட்டா பூட் ஆகாம நின்னாலும் நிக்கும்.

மெசேஜைப் பாக்க விண்டோஸ்ல புட்டிங்கற புரோகிராம் போதும், டிவைஸ் மேனேஜர்ல காம் நம்பர் பாத்துட்டு ஸ்பீடு 115200 குடுங்க. லினக்ஸ்ல எனக்குப் பிடிச்சது பிகோகாம், சின்னது, தொல்லை இல்லாதது. பர்மிஷன் இல்லன்னு சொன்னா உங்க யூசரை டயல்அவுட் குரூப்ல சேத்துட்டு லாக்அவுட் பண்ணி வாங்க. புரோகிராமைத் திறந்து வச்சுட்டு அப்புறமா பைக்கு பவர் குடுங்க, இல்லன்னா ஆரம்ப மெசேஜெல்லாம் ஓடிப்போயிடும்.

லாகின் கேக்கும்போது பழைய 'பை'ங்கற யூசர் பேரும் 'ராஸ்பெர்ரி'ங்கற பாஸ்வேர்டும் போட்டுப் பாக்காதீங்க, அந்த டிஃபால்ட் யூசரை 2022 ஏப்ரல்லயே எடுத்துட்டாங்க. கார்டு எழுதும்போதே ராஸ்பெர்ரி பை இமேஜர் புரோகிராம்ல யூசர் பேர், பாஸ்வேர்டு குடுத்துடணும்.

கேள்வி: எழுத்து வருது, ஆனா எல்லாம் கேள்விக்குறியும் கட்டமுமா குப்பையா இருக்கு. போர்டு போச்சா?

பதில்: போகல, பயப்படாதீங்க. குப்பையா வருதுன்னா ஒயர் சரியா இருக்கு, ஸ்பீடு ஒத்துப்போகலன்னு அர்த்தம், அல்லது கிரவுண்ட் லூசா இருக்கு. மொதல்ல ரெண்டு பக்கமும் அதே பாட் ரேட்டான்னு (அதான் ஸ்பீடு) பாருங்க, 8 டேட்டா பிட், பேரிட்டி இல்ல, 1 ஸ்டாப் பிட், இதுதான் வழக்கமான செட்டிங்.

நீங்க என்ன போர்டுன்னு எழுதல. ராக்சிப் கம்பெனியோட சிப் உள்ள போர்டுன்னா பல இடத்துல கன்சோல் 115200ல இல்ல, 1500000ல ஓடும். இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க, ஏன்னா பழைய சிபி2102 அடாப்டர் 10 லட்சம் பாடுக்கு மேல போகாது, நீங்க புட்டில சரியான நம்பரைப் போட்டாலும் அடாப்டரால அந்த வேகத்துல பேச முடியாது. சிஹெச்340 சிப் 20 லட்சம் வரைக்கும், எஃப்டி232ஆர் 30 லட்சம் வரைக்கும் போகும். அதனால அடாப்டர்ல என்ன சிப் இருக்குன்னு பாத்துட்டு அப்புறம் போர்டைச் சந்தேகப்படுங்க.

கேள்வி: பூட் மெசேஜ் எல்லாம் அழகா வருது, லாகின் வரைக்கும் வருது, ஆனா நான் டைப் பண்றது எதுவும் போகமாட்டேங்குது.

பதில்: லினக்ஸ்ல மினிகாம்ங்கற சீரியல் புரோகிராம் யூஸ் பண்றீங்களா? அதுல ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் ஆன்ல இருக்கும், நாம மூணு ஒயர்தானே போட்டிருக்கோம், ஆர்டிஎஸ் சிடிஎஸ் ஒயர் இல்ல, அதனால எதிர்ப்பக்கம் ரெடின்னு சொல்லும்னு அது காத்துக்கிட்டே இருக்கும். செட்டிங்ல அதை ஆஃப் பண்ணி சேவ் பண்ணுங்க.

அப்படியும் போகலன்னா அடாப்டரை மட்டும் சோதிங்க. போர்டுலேர்ந்து மூணு ஒயரையும் கழட்டிட்டு, அடாப்டரோட டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரு ஒயரால இணைச்சு டைப் பண்ணிப் பாருங்க, அடிச்ச எழுத்து திரும்பி வந்தா அடாப்டர், டிரைவர், புரோகிராம் மூணும் நல்லா இருக்கு, மிச்சம் இருக்கிறது பைக்குப் போற அந்த ஒத்தை ஒயர்தான், அது பின் 10ல உக்காந்திருக்கான்னு பாருங்க. பாதியில திடீர்னு உறைஞ்சு போச்சுன்னா கன்ட்ரோல் எஸ் தெரியாம அமுத்தியிருப்பீங்க, கன்ட்ரோல் க்யூ அமுத்துங்க.

கேள்வி: பை 5ல அதே 8, 10 பின்ல போட்டேன், ஒரு எழுத்து கூட வரல.

பதில்: பை 5ல கன்சோல் இடம் மாறிடுச்சு. ரெண்டு மைக்ரோ ஹெச்டிஎம்ஐக்கு நடுவுல குட்டியா 3 பின் கனெக்டர் இருக்கும், சீரியல்0ங்கறது இப்போ அதுதான், அதுக்கு ஏத்த சின்ன கேபிள் வாங்கிடுங்க, ஹெட்டர் பின்களும் மிச்சமாகும்.

கேள்வி: என்கிட்ட வேலை செய்ற விடி220 டெர்மினல் ஒண்ணு இருக்கு. அதை நேரா பையில மாட்டலாமா?

பதில்: மாட்டலாம், ஆனா நேரா மாட்டவே கூடாது. 1983ல டெக் கம்பெனி கொண்டுவந்த, ஸ்க்ரீனும் கீபோர்டும் மட்டும் உள்ள டெர்மினல் அது, இன்னும் உயிரோட இருக்குன்னு கேக்கவே சந்தோஷமா இருக்கு. அது பேசுறது ஆர்எஸ்232, அதாவது பிளஸ்லயும் மைனஸ்லயும் 15 வோல்ட் வரைக்கும் போகலாம், பையோட பின்னுல அது பட்டா சிப் செத்துடும். நடுவுல வோல்ட்டை மாத்திக் குடுக்கிற மேக்ஸ்3232 மாட்யூல் போடுங்க, அதுக்குப் பையோட 3.3 வோல்ட் பின்னுலேர்ந்தே பவர் குடுங்க, 5 வோல்ட் குடுத்தா பை பக்கமும் 5 வோல்ட்டா வந்துடும். டெர்மினலோட 25 பின் சாக்கெட்ல 2 அனுப்புறது, 3 வாங்குறது, 7 கிரவுண்ட்.

அந்த டெர்மினல் அதிகபட்சம் 19200 பாடுதான், அதனால சிஎம்டிலைன்ல 115200ஐ எடுத்துட்டு 9600 போடுங்க, டெர்மினலோட செட்அப் மெனுவுலயும் அதே ஸ்பீடு, 8 பிட், நோ பேரிட்டி வைங்க, எக்ஸ்ஆன் எக்ஸ்ஆஃப் (வேகம் தாங்கலன்னா எதிர்ப்பக்கத்தை நிறுத்தச் சொல்ற வசதி) ஆன்ல இருக்கட்டும். சிஸ்டம்டி (சர்வீஸ்களை ஆரம்பிச்சு வைக்கிற புரோகிராம்) இருக்கிற லினக்ஸ்ல சீரியல் லாகினுக்கு டெர்மினல் வகை வழக்கமா விடி220ன்னுதான் இருக்கும், அதனால நானோ, டாப் மாதிரி முழு ஸ்க்ரீன் புரோகிராமெல்லாம் பெருசா எதுவும் மாத்தாமலே அந்த ஸ்க்ரீன்ல சரியா வரும். வரிசை கலைஞ்சு தெரிஞ்சா மட்டும் எஸ்டிடிஒய் கமாண்டுல ரோஸ் 24, கால்ஸ் 80ன்னு குடுங்க, ஏன்னா சீரியல் லைன் வழியா ஸ்க்ரீன் அளவு தானா போய்ச் சேராது.