எழும்பூர்ல இறங்கி சென்ட்ரல்ல ஏறணும், நடுவுல வர்ற ஆளுங்களை என்ன பண்றது?

மதுரையில இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "பாண்டியன்ல விடியக்காலை எழும்பூர் வர்றோம், ராத்திரி 10 மணிக்கு சென்ட்ரல்ல தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், டெல்லிக்கு. அப்பா அம்மாவுக்கு 70 தாண்டியாச்சு. அவங்களுக்கு பெர்த் கன்பார்ம், எனக்கும் மனைவிக்கும் ஆர்ஏசி. ஸ்டேஷன் எப்படி மாறுறது, பகல் பூரா லக்கேஜை எங்க வைக்கிறது? ஆர்ஏசியை கன்பார்ம் பண்ணித் தர்றேன்னு ஒருத்தர் ஆளுக்கு 1500 கேக்குறார், குடுக்கலாமா?"

கடைசி கேள்விக்குத்தான் முதல் பதில். குடுக்காதீங்க. ஆர்ஏசின்னா முழு பெர்த் இல்ல, உக்கார இடம் மட்டும் உறுதி, தாராளமா ஏறலாம் சார், சைடு லோயர்ல, அதாவது நடைபாதை ஓரத்து கீழ் பெர்த்ல, ரெண்டு பேரும் உக்காந்துக்கலாம், யாராவது கேன்சல் பண்ணினாலோ வராம போனாலோ வரிசைப்படி பெர்த் தானா வரும். டிக்கெட் செக் பண்ற டிடிஇ கையில இப்போ மெஷின் இருக்கு, அதுல வரிசை தெரியும். இந்த புரோக்கர் என்ன பண்றான்னா, பத்து பேர்கிட்ட காசு வாங்குவான், ஒண்ணுமே பண்ண மாட்டான், அதுல நாலு பேருக்கு எப்படியும் தானா கன்பார்ம் ஆகும், அந்த காசு அவனுக்கு. மீதி ஆறு பேருக்கு "கோட்டா ஃபுல் ஆயிடுச்சு சார்"னு திருப்பிக் குடுத்து நல்ல பேரும் வாங்கிக்குவான். அவசரமா போறவங்களுக்காக ரயில்வே ஒதுக்கி வைக்கிற எமர்ஜென்சி கோட்டான்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு, ஆனா அதுக்கு தனியா காசு கிடையாது. லைசென்ஸ் இல்லாம டிக்கெட் வியாபாரம் பண்றது 1989 ரயில்வே சட்டம் 143-ம் பிரிவுல குற்றம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். சட்டம் புத்தகத்துல இருக்கு, ஆளு ஸ்டேஷன் வாசல்லயே இருக்கான், அது வேற விஷயம்.

சரி, ஸ்டேஷன் மாறுறது. ஒரே ஊர்ல எதுக்கு ரெண்டு பெரிய ஸ்டேஷன்னு எல்லாரும் திட்டுவாங்க. ரெண்டும் வேற வேற கம்பெனி போட்டது, சென்ட்ரல் 1873-ல மெட்ராஸ் ரயில்வே, எழும்பூர் 1908-ல தெற்கே போற மீட்டர் கேஜுக்கு, அதாவது அகலம் கம்மியான தண்டவாளத்துக்கு, சவுத் இந்தியன் ரயில்வே. கம்பெனி போச்சு, கேஜும் மாறிடுச்சு, அலைச்சல் மட்டும் நமக்கு.

எழும்பூர்ல காந்தி இர்வின் ரோடு பக்கம், அதாவது பழைய சிவப்பு கட்டடம் இருக்கிற பக்கம் வாங்க. பூந்தமல்லி ஹைரோடு பக்கம் போயிடாதீங்க. கட்டுமான வேலை நடக்குறதால வழி அப்பப்போ மாறும், போர்டு நம்பாம யூனிபார்ம்ல இருக்கிறவங்களை கேளுங்க. வெளிய வந்ததும் "சென்ட்ரலா சார், டிராபிக் சார், நானூறு"ன்னு நாலு பேர் பையை பிடிப்பாங்க. தூரம் ரெண்டு கிலோமீட்டர்தான்! மெட்ரோ காலைல 5 மணிக்கே ஓட ஆரம்பிச்சிடும், அடுத்த ஸ்டேஷனே சென்ட்ரல், 10 ரூபா, லிஃப்ட் இருக்கு, பெரியவங்களுக்கு படி ஏறுற வேலை இல்ல. லோக்கல் டிரெயின்ல பார்க் போய் சப்வேல நடக்கலாம்னு சொல்வாங்க, மூட்டை முடிச்சோட வேண்டாம்.

லக்கேஜை எழும்பூர்ல வைக்காதீங்க, சென்ட்ரல் கிளோக் ரூம்லயே வைங்க, இல்லன்னா ராத்திரி மறுபடி எழும்பூர் ஓடணும். டிக்கெட் காட்டணும். இதுல ஒரு விஷயம், பூட்டு போட்ட பெட்டியைத்தான் எடுத்துக்குவாங்க. நம்ம ஆளுங்க டெல்லி பேரனுக்கு முறுக்கு, மாவடுன்னு கட்டைப்பைல கட்டி மேல கயிறு சுத்தி கொண்டு வருவாங்க, அந்தப் பை கவுன்டர்ல திரும்பி வந்துடும். ஜிப் இருந்தும் பூட்டு இல்லன்னாலும் அதே கதைதான். ஜிப்ல சேஃப்டி பின் குத்தினா பூட்டு ஆகாது. வாசல்ல ஒருத்தன் பூட்டு விப்பான், ரெட்டை விலை. அதனால ஊர்லயே சின்னப் பூட்டு நாலு வாங்கிக்குங்க, பலகாரத்தை பூட்டுற பெட்டிக்குள்ள தள்ளுங்க, முடியலைன்னா கட்டைப்பை உங்க கையோடயே இருக்கட்டும். ரசீதை போட்டோ எடுத்து வைங்க.

ராத்திரி மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் பக்கம் போய் நிக்காதீங்க, அது அரக்கோணம், கும்மிடிப்பூண்டி லோக்கலுக்கு. மெயின் கட்டடம்தான் உங்களுக்கு. சென்ட்ரல் கடைசி ஸ்டேஷன், தண்டவாளம் அங்கயே முடியுது, அதனால எந்த பிளாட்பாரத்துக்கும் படி ஏற வேண்டாம், சமதளம். ஆனா வண்டி நீளம், உங்க பெட்டி அந்தக் கோடில இருந்தா அப்பாவுக்கு ரொம்ப நடை. பேட்டரி கார் இருக்கு, கேட்டா "இப்போதான் போச்சு"ம்பாங்க, அதனால முக்கால் மணி நேரம் முன்னாடியே பிடிங்க. போர்ட்டர்னா கையில நம்பர் பேட்ஜ் இருக்கணும், தூக்குறதுக்கு முன்னாடி ரேட் பேசுங்க. 60 தாண்டினவங்களுக்கு இருந்த ரயில் கட்டண சலுகையை 2020 மார்ச்ல நிறுத்தினாங்க, அட்லீஸ்ட் அந்த பேட்டரி காராவது நேரத்துக்கு வரலாம்.

யாராவது தொல்லை குடுத்தா ரயில்வே ஹெல்ப்லைன் 139-க்கு போன் போடுங்க, பக்கத்துல ஆர்பிஎஃப் (ரயில்வே பாதுகாப்புப் படை) இருந்தா நேரா அவங்ககிட்டயே போயிடுங்க.