நுண் தனிமம், நச்சு உலோகம்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ரத்தம், மண்ணு, தண்ணி இதுலல்லாம் உலோகம் எவ்ளோ இருக்குன்னு அளக்குறதுதான் என் வேலை. நான் டாக்டர் இல்ல, மாத்திரை டோஸ் கேக்காதீங்க.

கேள்வி: நுண் தனிமம்னா (உடம்புக்கு துளியூண்டு மட்டும் வேணுங்கறது) எவ்ளோ நுண்?

பெரியவங்க உடம்புல இரும்பு 3-4 கிராம், துத்தநாகம் (அதாங்க ஜிங்க்) 2-3 கிராம், செம்பு 0.1 கிராம் பக்கம். கோபால்ட் 1 மில்லிகிராம்தான், ஆனா அது இல்லாம பி12 வைட்டமினே கிடையாது.

கேள்வி: ஈயம், காட்மியம் எல்லாம் விஷம்னா உடம்பு ஏன் உள்ள விடுது?

நல்ல கேள்வி. உடம்புக்கு உலோகத்தோட பேரெல்லாம் தெரியாது, மின்சுமை என்ன, சைஸ் என்ன, எதை இறுக்கிப் பிடிக்குதுன்னு மட்டும்தான் பாக்கும். ஈயம் கால்சியம் மாதிரி வேஷம் போட்டு எலும்புல போய் உக்காந்துச்சுன்னா பல வருஷம் எறங்காது. ரத்தத்துக்கு ஹீம் (ஹீமோகுளோபின்ல ஆக்சிஜன பிடிக்கிற பகுதி) தயாரிக்கிற ஒரு என்சைம்ல துத்தநாகம் இருக்குற சீட்டை அதுவே பிடிச்சுக்கும், வேலை நின்னுடும். காட்மியம் இரும்பு போற வழியிலயே நுழையும், அதனால இரும்புச்சத்து கம்மியா இருக்குறவங்களுக்கு அது இன்னும் ஜாஸ்தியா ஏறும். உள்ள போனதும் மெட்டலோதயோனின்னு ஒரு புரதம் கெட்டியா பிடிச்சு கிட்னில வச்சுக்கும், அங்க பாதி குறையவே 10-30 வருஷம் ஆகும். இந்தப் புரதத்த 1957-ல குதிரை கிட்னிலதான் கண்டுபிடிச்சாங்க, அதுவும் காட்மியத்தோட சேர்ந்தே.

கேள்வி: எதிர்ப்பு சக்திக்கு தினமும் ஜிங்க் 50 மி.கி. போடுறேன், ஓகேவா?

பெரியவங்களுக்கு மேல் வரம்பே 40. அதிகமா போனா குடல் செல் அதே மெட்டலோதயோனின நெறைய செய்யும், அது ஜிங்க்க விட செம்பத்தான் இறுக்கிப் பிடிக்கும், செல் உதிரும்போது செம்பும் வெளிய போயிடும். மாசக்கணக்குல இப்படியே போனா ரத்தசோகை, கால் மரத்துப்போறது. டெஸ்ட் பண்ணாம மாத்திரை போடாதீங்க.

கேள்வி: முடி கொட்டுது, செலினியம் எடுக்கலாமா?

செலினியம் ஓவரானாலும் முடி கொட்டும், நகமும் உடையும். மொதல்ல டெஸ்ட்.

கேள்வி: முடிய வச்சு உலோகம் டெஸ்ட் பண்றாங்களே?

ஷாம்பு, டை, தூசி எல்லாம் சேர்ந்து வரும். அத மட்டும் நம்பி முடிவு எடுக்காதீங்க.

கேள்வி: ஜிங்க் காலையிலயா நைட்டா?

மேல ஜிங்க் பத்தி எழுதினத படிங்க.

கேள்வி: கன உலோகம் (ஹெவி மெட்டல்) எல்லாமே விஷம்தானே?

இந்த வார்த்தையக் கேட்டாலே எனக்கு பத்திக்கிட்டு வருது. அடர்த்தி (ஒரு கன செ.மீ.க்கு எத்தன கிராம்ங்கறது) 1.85 தான் இருக்குற பெரிலியம் கொடிய விஷம், 7.87 இருக்குற இரும்பு இல்லாம நாம இல்ல, 9.78 இருக்குற பிஸ்மத் வயித்து மருந்துல கெடக்கு. எடைக்கும் விஷத்துக்கும் என்ன சம்பந்தம்? எந்த உலோகம், எந்த வடிவம், எவ்ளோ அளவு, அதச் சொல்லுங்க.

கேள்வி: காட்மியத்தால யாருக்குமே பிரயோஜனம் இல்லையா? கடல் டயாட்டம் (ஒரு செல் பாசி) ஒண்ணு அத யூஸ் பண்ணுதுன்னு படிச்சேனே.

அட, ஆள் கிடைச்சாச்சு! ஆமா, 2000-ல வந்த ஆய்வு, தலாசியோசைரா வெய்ஸ்ஃப்ளோகீங்கற டயாட்டம். துத்தநாகம் பஞ்சமான கடல் தண்ணில, கார்பன் டை ஆக்சைடு சேகரிக்கிற என்சைம்ல காட்மியத்த வச்சு வண்டி ஓட்டுது.

கேள்வி: அப்ப மனுஷனுக்கும் கொஞ்சம் தேவைப்படலாம்ல?

இல்ல. நம்ம கிட்ட அந்த என்சைமே இல்ல.

கேள்வி: ஆர்சனிக்லயே வாழுற பாக்டீரியா கூட இருக்கே?

2010-ல கலிபோர்னியா மோனோ ஏரியில எடுத்தது, டிஎன்ஏல பாஸ்பரசுக்கு பதிலா ஆர்சனிக்னு சொன்னாங்க. 2012-ல ரெண்டு குழு சோதிச்சப்ப அதுக்கும் பாஸ்பேட் வேணும்னு தெரிஞ்சது. ஆர்சனிக்க தாங்குது, அவ்ளோதான்.

கேள்வி: சார், ஜிங்க் டேப்லட்…

டெஸ்ட், டெஸ்ட், டெஸ்ட்.

கேள்வி (டயாட்டம்காரர்): அந்த என்சைம்ல துத்தநாகம் போட்டா ஓடாதா?

ஓடும், இன்னும் நல்லாவே ஓடும்.

கேள்வி (டயாட்டம்காரர்): அப்ப காட்மியம் அத்தியாவசியம் இல்லையே, வெறும் ஸ்டெப்னிதானே?

ஸ்டெப்னிதான்யா. ஆனா நடுக்கடல்ல அது போதுமே.