நாய் கடைக்குள்ள வரலாமோ? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணை,

நான் யாழ்ப்பாண டவுனில ஒரு சுப்பர் மார்க்கெட்டில கவுண்டரில நிக்கிறன். கடையின்ர பேரும் என்ர பேரும் போடவேண்டாம். வெளிநாட்டில இருந்து திரும்பி வந்து இஞ்ச வீடு கட்டி இருக்கிற ஒரு அக்கா, போன கிழமை சின்ன வெள்ளை நாய் ஒண்டை ட்ரொலியில பிள்ளையள் இருக்கிற இடத்தில வைச்சுத் தள்ளிக்கொண்டு வந்தா. "அக்கா, நாய் உள்ளுக்கு விடேலாது" எண்டு சொன்னன். "இது எமோஷனல் சப்போர்ட் டோக், என்ர பிள்ளை மாதிரி, கனடாவில எல்லாக் கடைக்கும் கொண்டு போறனான்" எண்டு சத்தம் போட்டா. மனேஜர் வந்து "விடும் பிள்ளை, நல்ல கஸ்டமர்" எண்டிட்டார். நாய் பாண் தட்டில மூக்கை வைச்சு மணந்தது. பின்னால நிண்ட முஸ்லிம் அம்மா ஒராள் கூடையை அப்பிடியே கீழ வைச்சிட்டு வெளிய போயிட்டா. "சந்தைக்குள்ள நாய் படுத்துக் கிடக்குது, அங்க போய்ச் சொல்லன்" எண்டு அந்த அக்கா கேட்டதுக்கு எனக்குப் பதில் வரேல்ல. நான் சொன்னது பிழையோ?

– ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

தங்கச்சிக்கு,

பிழையே இல்லை. அதை முதல் சொல்லிப்போட்டுத்தான் மற்றக் கதை.

நாயைப் பிடிக்காத ஆள் எழுதுறார் எண்டு ஒருத்தரும் நினைக்கவேண்டாம், எங்கட வீட்டிலயும் ஒண்டு நிக்குது, சாதாரண ஊர் நாய்தான், அது எங்களோட சோபாவில படுக்கிறதுக்கும் நான் ஒண்டும் சொல்லுறேல்ல. ஆனா அது என்ர வீடு, என்ர சோபா. கடை அப்பிடியில்லை.

அந்த அக்கா சொன்ன கனடாக் கதையைப் பாப்பம். எமோஷனல் சப்போர்ட் டோக் எண்டா மனசுக்கு ஆறுதலா வைச்சிருக்கிற நாய். ஒன்ராறியோவில சாப்பாட்டுச் சாமான் கையாளுற இடத்துக்குள்ள உயிரோட மிருகம் வரக்கூடாது எண்டதுதான் பொதுச் சட்டம், சேவை நாய்க்கு, அதாவது இயலாத ஆளுக்கு உதவி செய்யிற நாய்க்கு, விலக்கு இருக்குது. அதுக்கும் பாத்த உடன விளங்கிற மாதிரி அங்கியோ பட்டியோ போட்டிருக்கவேணும், இல்லாட்டி டொக்டர் மாதிரிப் பதிவிலுள்ள மருத்துவத் தொழில்காரர் ஒராள் குடுத்த கடிதம் இருக்கவேணும். அந்தக் கடிதம் அவவிட்ட இருந்துதோ என்னவோ, "பிள்ளை மாதிரி" எண்டு சொன்னா அங்கயும் விடமாட்டினம். அமெரிக்காவில இன்னும் கறார், 2011 மார்ச்சில இருந்து அவையின்ர சட்டத்தில மனசுக்கு ஆறுதலா இருக்குது எண்டது மட்டும் காணாது, நாய் ஒரு வேலைக்குப் பழக்கப்பட்டிருக்கவேணும், கடைக்காரரும் ரெண்டே ரெண்டு கேள்விதான் கேக்கலாம்: இது உங்கட இயலாமைக்குத் தேவையான நாயோ, என்ன வேலைக்குப் பழக்கினது? லண்டனில சட்டமாப் பொதுத் தடை ஒண்டும் இல்லை, கடைக்காரர் விரும்பினா விடலாம், விடாமலும் இருக்கலாம், ஆனா 2010ம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தால கண் தெரியாத ஆளின்ர வழிகாட்டி நாயைச் சும்மா மறிக்கேலாது. ஜேர்மனியில இருக்கிற எங்கட ஆக்களைக் கேட்டுப்பாருங்கோ, கடை வாசலில நாய்ப் படம் போட்டு "நாங்கள் வெளியிலதான் நிக்கவேணும்" எண்டு நாயே சொல்லுற மாதிரி எழுதித் தொங்கவிட்டிருப்பினம். வெளிநாட்டில இல்லாத சுதந்திரத்தை வெளிநாட்டின்ர பேர் சொல்லி இஞ்ச கேக்கிறதுதான் எனக்குச் சிரிப்பு.

இனிச் சந்தைக் கேள்வி. இது நல்ல கேள்வி, தட்டிக்கழிக்கேலாது. எங்கட யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனா நாய் நிக்கும், மீன் வெட்டுற இடத்தில செதிலுக்கும் குடலுக்கும் காவல் நிக்கும், மழைக்கு மரக்கறிச் சாக்குக்குப் பக்கத்தில சுருண்டு கிடக்கும், நாங்களும் அதைத் தாண்டிப் போய்க் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டுதான் வாறம். ஆனா பாருங்கோ, அந்த நாயை ஒருத்தரும் கூட்டிக்கொண்டு வரேல்ல. அது கட்டாக்காலி, வியாபாரி கண்டா "அடீக்" எண்டு கலைப்பார், அது நாலடி போய்ட்டுத் திரும்பி வரும், உது அவைக்குள்ள காலங்காலமா நடக்கிற இழுபறி. அதையும் நான் சரியெண்டு சொல்லேல்ல. அங்க வாங்கிறதை நாங்கள் வீட்ட வந்து கழுவி, தோல் சீவி, அவிச்சுத் தின்னிறம். பாணை ஒருத்தரும் கழுவித் தின்னிறேல்ல. உங்கட கடையில ட்ரொலிக்குள்ள நாய் நிண்ட அதே இடத்தில, அதுக்குப் பிறகு வந்த தாய் தன்ர கைக்குழந்தையை இருத்தியிருப்பா, குழந்தை அந்தக் கம்பியைப் பிடிச்சு வாயில வைச்சிருக்கும். கீழ்த்தட்டில அடுக்கிற அஞ்சு கிலோ அரிசிப் பை ஆண் நாய் கால் தூக்கிறதுக்கு அளவான உயரம், அதையும் யோசிக்கவேணும்.

நோய் எண்டு பயப்பிடுத்த எனக்கு விருப்பமில்லை. ஊசி போட்ட, குளிப்பாட்டின நாய் ஒருக்காப் பாணை மணந்தா ஒருத்தரும் சாகமாட்டினம், மனிசர்ர கையாலயும் கனக்க ஊத்தை வருது, அதுதான் உண்மை. ஆனா நாய்க்கு ஊசி போட்டிருக்கோ இல்லையோ எண்டு நீங்கள் கவுண்டரில நிண்டுகொண்டு எப்பிடிப் பாக்கிறது? நாயைப் பதியவேணும் எண்டு இலங்கையில 1901ம் ஆண்டிலயே சட்டம் வந்திட்டுது, எத்தினை பேர் பதியினம்? இஞ்ச சனத்துக்கு விசர்நாய்ப் பயம் சின்னனில இருந்து வாறது, அது காரணமில்லாத பயமில்லை, விசர் வெளிக்கிட்டாப் பிறகு ஆள் தப்புறது கிட்டத்தட்ட இல்லை. (கடிச்சாலோ பிறாண்டினாலோ சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிப்போட்டு நேர அரசாங்க ஆசுப்பத்திரிக்குப் போங்கோ, ஊசிக்கு அங்க காசில்லை. மிளகாய்த்தூள், மஞ்சள் எண்டு ஒண்டும் பூசவேண்டாம்.) சின்ன நாய் கடிக்காது எண்டு சொல்லுறவைக்குச் சின்ன நாயைத் தெரியாது. கடிச்சா முதல் கடி கவுண்டரில நிக்கிற உங்களுக்குத்தான், மனேஜருக்கில்லை.

கூடையை வைச்சிட்டுப் போன அந்த அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறியள், எனக்கு அதுதான் பெரிய விசயமாப் படுது. இலங்கை முஸ்லிம் ஆக்கள் கூடுதலாப் பின்பற்றுற முறைப்படி நாயின்ர எச்சில் பட்டா ஏழுதரம் கழுவவேணும், அதில ஒருதரம் மண் சேத்து. அவ சத்தம் போடேல்ல, சண்டை பிடிக்கேல்ல, பேசாமப் போயிட்டா. சத்தம் போட்டவ "நல்ல கஸ்டமர்" ஆயிட்டா, இவ ஆருமில்லை. எங்கட சைவ ஆக்களும் இதில துள்ளவேண்டாம், வைரவற்ற வாகனம் நாய்தான், வைரவர் இல்லாத ஒழுங்கை யாழ்ப்பாணத்தில குறைவு, எண்டாலும் உயிருள்ள நாய் மூலஸ்தானப் பக்கம் வந்தா ஐயர் கலைச்சுத்தான் விடுவார், அதால வைரவர் கோவிச்சதா நான் கேள்விப்படேல்ல.

விலக்கு ஒண்டு இருக்கவேணும். கண் தெரியாத ஆள் வழிகாட்டி நாயோட வந்தா மறிக்காதேங்கோ, கதவைத் திறந்து விடுங்கோ. இஞ்ச நான் வெள்ளைப்பிரம்பைத்தான் கண்டிருக்கிறன், அப்பிடி நாயைக் காணேல்ல, எண்டாலும் நாளைக்கு வரலாம். சண்டை முடிஞ்சு போன இந்த ஊரில காலில்லாத ஆக்கள் எத்தினை பேர், அவையின்ர சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இல்லாத கடைக்குள்ள நாய்க்கு ட்ரொலி குடுக்கிறது என்ன நியாயமோ தெரியேல்ல.

நாயை வீட்ட விட்டிட்டு வரலாம், அதுதான் அதுக்கும் சுகம். காருக்குள்ள பூட்டிப்போட்டு மட்டும் வரவேண்டாம், வெளியில 32 பாகை எண்டாப் பத்து நிமிசத்தில உள்ளுக்கு 40ஐத் தாண்டும், நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இளைச்சுத்தான் சூட்டை ஆத்தவேணும்.

நீங்கள் இனி ஆரோடயும் வாதாடவேண்டாம் தங்கச்சி. உங்கட சம்பளத்துக்கு அது வேலையுமில்லை. மனேஜரிட்டச் சொல்லி ட்ரொலி அடுக்கிற இடத்துக்கு முன்னால, உள்ளுக்கு வர முதல் கண்ணில படுற மாதிரி, மூண்டு மொழியிலயும் ஒரு போர்ட் போடுவியுங்கோ, வழிகாட்டி நாய்க்குத் தடையில்லை எண்டதையும் சேத்து. அவர் மாட்டன் எண்டா, அடுத்தமுறை நாய் வரேக்க அவரையே கவுண்டருக்குக் கூப்பிட்டு நிப்பாட்டுங்கோ, பாண் தட்டையும் அவரே துடைக்கட்டும்.