ஒரு புலவர் வைத்த பெயர்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு செஸ் என்றால் உயிர். மாக்னஸ் கார்ல்சனின் பெயரில் வரும் 'மாக்னஸ்' நார்வேயின் பழைய பெயரா, அதற்கு என்ன பொருள் என்று கேட்கிறாள். என்ன சொல்வது?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: ஆயிரம் வருடப் பழமை உள்ள பெயர்தான் அம்மா. ஆனால் பிறந்த இடம் நார்வே இல்லை. 'மாக்னஸ்' லத்தீன் சொல். பெரிய, மகத்தான என்று பொருள். நாம் சொல்கிற 'மகா'வுக்கும் அதற்கும் ஒரே வேர்.

அது வடக்கே போன கதையைக் கட்டாயம் மகளுக்குச் சொல்லுங்கள். 1024 வாக்கில் ஓர் இரவு, நார்வே மன்னர் ஓலாவுக்கு ஆல்ஃப்ஹில்ட் என்ற பணிப்பெண்ணிடம் ஒரு மகன் பிறந்தான். பிள்ளை பிழைக்குமா என்றே சந்தேகம். ஞானஸ்நானம் கொடுத்தாக வேண்டும், மன்னரோ தூக்கத்தில். தன்னை எழுப்பக்கூடாது என்பது அவர் கட்டளை. அவைப்புலவர் சிக்வாட் துணிந்து தானே பெயர் வைத்துவிட்டார். காலையில் மன்னர் கோபத்தோடு, எங்கள் வம்சத்திலேயே இல்லாத பெயராயிற்றே என்று கேட்க, உலகிலேயே சிறந்த மனிதரான கார்ல் மாக்னஸின் பெயரை வைத்தேன் என்றாராம் புலவர். நார்வே மன்னர்களைப் பற்றி ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட பழைய வரலாறு சொல்வது இது.

கார்ல் மாக்னஸ் என்றால் மேற்கு ஐரோப்பாவை ஆண்டு 814இல் இறந்த பேரரசர் சார்லமேன். அவர் பெயர் கார்ல். மாக்னஸ் வெறும் அடைமொழி. மகா அலெக்சாந்தரில் 'மகா'வை மட்டும் எடுத்துப் பிள்ளைக்கு வைத்த மாதிரி!

அந்தப் பிள்ளை 1035இல் அரசனானான். தன் தந்தையை எதிர்த்த குடியானவர்களை அவன் வாட்டியபோது, பெயர் வைத்த அதே சிக்வாட் முகத்துக்கு நேரே பாடிக் கண்டித்தார். புறநானூற்றில் அரசனுக்கு அறிவுரை சொல்லும் செவியறிவுறூஉ என்று ஒரு துறை உண்டே, அதேதான். அரசன் திருந்தினான். 'நல்ல மாக்னஸ்' என்றே வரலாற்றில் நிற்கிறான். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

அப்புறம் பெயர் வேகமாகப் பரவியது. 1274இல் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் தந்த நார்வே மன்னரும் ஒரு மாக்னஸ்தான்.

கார்ல்சன் என்றால் கார்லின் மகன். 2013இல் சென்னையில் ஆனந்தை வென்று உலக சாம்பியன் ஆனவரின் பெயரில் அந்தப் பேரரசரின் இரண்டு பாதியும் இருக்கின்றன. இதைச் சொன்னால் உங்கள் மகள் துள்ளிக் குதிப்பாள். உச்சரிப்பையும் சொல்லிக் கொடுங்கள்: நார்வேயில் அது கிட்டத்தட்ட 'மாங்னுஸ்'.