சைக்கிள் பழக்கமே இல்லாதவர் நண்பரோடு 60 கிலோமீட்டர் நிதி திரட்டும் சைக்கிளோட்டத்தில் கலந்துகொள்ள முடியுமா?

முடியும். சுங்கை சிப்புட்டில் இருக்கிறீர்கள், தமிழ்ப்பள்ளிக்கு நிதி திரட்டும் ஓட்டத்தில் நண்பர் கேட்காமலே உங்கள் பெயரையும் கொடுத்துவிட்டார், கையில் இருப்பது ஆறு வாரமும் ஒரு பழைய மவுண்டன் சைக்கிளும் என்று எழுதியிருக்கிறீர்கள். வயது சொல்லவில்லை. நாற்பதைத் தாண்டியவர், பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு சைக்கிளைத் தொடாதவர் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சர்க்கரைக்கு ஊசி போடுபவராக இருந்தாலோ, நெஞ்சில் ஏதாவது கோளாறு இருந்தாலோ மற்றதையெல்லாம் பிறகு படியுங்கள், முதலில் கிளினிக் போங்கள். பின்னால் வந்து "இதை ஏன் சொல்லவில்லை" என்று யாரும் கேட்க வேண்டாம்.

மணிக்கு 18 கிலோமீட்டரில் மிதித்தால் 60 கிலோமீட்டருக்கு மூன்று மணி இருபது நிமிடம். நின்று தண்ணீர் குடிப்பதையும் சேர்த்தால் நாலு மணி நேரம். பந்தய சைக்கிள்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பாதியில் லோரியில் ஏறித் திரும்புகிறவர்களை மடக்கியது சீட் வலியும் வெயிலும்தான். அதைவிட அதிகமாக, கூட வந்த நண்பரின் வேகம்.

பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் போதும். இரண்டு நாள் வேலை முடிந்து வந்து பத்துப் பத்து கிலோமீட்டர். ஞாயிறு காலையில் மட்டும் நீளமாக: 15, 22, 30, 38, 45. ஓட்டத்துக்கு முந்தின ஞாயிறு 20-ஓடு நிறுத்திவிடுங்கள். வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டக்கூடாது என்று கீழே கருத்துப் பகுதியில் யாராவது எழுதுவார்கள். 15-இல் தொடங்குகிறவர் அந்தக் கணக்கைப் பிடித்தால் ஐந்து முறை கூட்டியும் 25-ஐத் தொடமாட்டார். மூட்டு வலித்தால் அந்த வாரத் தூரத்தையே இன்னொரு முறை ஓட்டுங்கள், அவ்வளவுதான். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் சீட் உயரம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும், அதுதான் அளவு. இரண்டு காலும் தரையில் பதிகிற உயரத்தில் சீட்டை வைத்துக்கொண்டு 60 கிலோமீட்டர் ஓட்ட முடியாது.

எங்கே பழகுவது? சாலாக் பக்கம் கோலகங்சாருக்குப் போகும் பழைய கூட்டரசுச் சாலை, இல்லையென்றால் லிந்தாங் சாலை. நெடுஞ்சாலைப் பக்கம் போகவே கூடாது, டோல் சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. லிந்தாங் பக்கம்தான் எல்பில் தோட்டம். 1948 ஜூன் 16-இல் அதன் வெள்ளைக்கார மேலாளரைச் சுட்டுக் கொன்றதையொட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. பார்க்க நிற்பதென்றால் சாலையை விட்டு நன்றாக இறங்கி நில்லுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி வளைவில் குலையை உதிர்க்கும். ஒரு குலை இருபது கிலோவுக்கு மேல்கூட இருக்கும். உதிர்ந்து நசுங்கிய பழத்தில் எண்ணெய் கசியும், அதன்மேல் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். மழை ஈரத்தில் சாலையின் வெள்ளைக் கோடும் அப்படித்தான்.

பழைய மவுண்டன் சைக்கிளே போதும், புதிது வாங்காதீர்கள். பல்லு வைத்த தடித்த டயரைக் கழற்றிவிட்டு ஒன்றரை இஞ்சு வழுவழு டயர் போடுங்கள், பாதிச் சுமை குறைந்தது போலிருக்கும். அதற்குக் காற்று 60 பிஎஸ்ஐ. பழைய டயரோடுதான் ஓட்டுவீர்கள் என்றால் 45 முதல் 50. டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். பெட்ரோல் நிலையத்து மெஷின் கிலோபாஸ்கலில் காட்டினால் 50 பிஎஸ்ஐ என்பது ஏறக்குறைய 345. கார் டயருக்கான மெஷின் அது, சைக்கிள் டியூப் கண் சிமிட்டுவதற்குள் நிறைந்துவிடும். விட்டு விட்டு அடியுங்கள். செயினுக்குச் செயின் எண்ணெய்தான். மோட்டார் பட்டறையில் கிரீஸை அப்பிவிடுவார்கள், செம்மண் தூசி அதில் ஒட்டி அரம் மாதிரிச் செயினை அறுக்கும்.

சைக்கிள் பழுது பார்க்க மோட்டார் பட்டறைக்குப் போக வேண்டியிருப்பதே ஒரு கொடுமை. பின்னால் ரப்பர் பால் டின் கட்டிக்கொண்டு தோட்டத்து ஜனமே சைக்கிளில் போன நாட்டில் இன்று பங்சர் ஒட்ட ஆள் கிடைப்பதில்லை. சைக்கிளில் போனால் "மோட்டார் வாங்க வக்கில்லையா" என்று கேட்பார்கள். அதே ஆட்கள் ஆயிரக்கணக்கில் ரிங்கிட் போட்டு வாங்கிய சைக்கிளைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போவார்கள். கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

ஆகவே பங்சரை நீங்களே ஒட்டப் பழகுங்கள். டியூப் ஒன்று, டயர் நெம்பி இரண்டு, கைப்பம்பு, 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் சாவி (ஆறு பட்டை முனைச் சாவி), இவை சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டும். டியூபை மாற்றும் முன் டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் சுற்றித் துடையுங்கள். விரலை விடாதீர்கள். செம்பனை மட்டை முள் உள்ளே முனையை நீட்டிக்கொண்டு இருக்கும், அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் நூறு மீட்டரில் அதுவும் போகும். புது டியூபில் உருண்டை வரும் அளவு மட்டும் காற்று ஊதிப் போட்டால் முறுக்காது. டயரின் கடைசி ஒரு சாண் நீளத்தைக் கட்டைவிரலால்தான் தள்ள வேண்டும், நெம்பி போட்டால் டியூபைக் கடிக்கும். பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது முள் இல்லை, காற்று குறைவாக வைத்துக் குழியில் இறங்கியிருக்கிறீர்கள். டயரே கிழிந்திருந்தால் ஒரு ரிங்கிட் தாளை நான்காக மடித்துக் கிழிசலுக்கும் டியூபுக்கும் நடுவில் வையுங்கள். ஒரு ரிங்கிட்டும் ஐந்து ரிங்கிட்டும் பிளாஸ்டிக் தாள், வீடு வரை தாங்கும். பத்து ரிங்கிட் காகிதம், கிழியும்.

பேட் வைத்த கால்சட்டை போடும்போது உள்ளே ஜட்டி போடக்கூடாது. சொல்லக் கூச்சம்தான். ஆனால் தொடை உரிந்து நிற்பவர்களில் பாதிப்பேர் அந்தத் தையலால்தான் உரிந்தார்கள்.

தண்ணீர் மணிக்கு 500 முதல் 750 மில்லி, தாகம் எடுக்கும் முன்பே, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு இரண்டு மடக்கு. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் வேர்வையில் போன உப்பு திரும்பாது. கடையில் விற்கும் ஐசோடானிக் பானம் பிடிக்காதவர்கள் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு தலைதட்டிப் போட்டு, கஸ்தூரி எலுமிச்சை இரண்டு பிழிந்துகொள்ளலாம். காலைப் பசியாறலுக்கு இட்லி, இல்லையென்றால் ரொட்டியும் மைலோவும், கிளம்ப ஒன்றரை மணி நேரம் முன்னால். ரொட்டி சானாயும் நாசி லெமாக்கும் ஓட்டம் முடிந்த பிறகு. வழியில் முக்கால் மணிக்கு ஒரு முறை பிசாங் மாஸ் வாழைப்பழம் இரண்டு. கூட வருபவர் பேச்சுக் குழறினாலோ, சம்பந்தமில்லாமல் உளறினாலோ, தள்ளாடினாலோ நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, 999-ஐ அழையுங்கள். "கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்காதீர்கள்.

இனி உங்கள் நண்பர். இருவரில் மெதுவானவர் முன்னால் போக வேண்டும். வேகமானவர் முன்னால் போனால் பின்னவர் முதல் 20 கிலோமீட்டரிலேயே தன் தெம்பைத் தீர்த்துக்கொள்வார். முழு வாக்கியம் ஒன்றை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று அவ்வப்போது பேச்சுக் கொடுங்கள், முடியவில்லை என்றால் வேகம் அதிகம். எதிர்க்காற்றில் மட்டும் பலசாலி முன்னால் வரட்டும், பின்னவருக்குக் கால்வாசி உழைப்பு மிச்சம். அப்போதும் ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விடுங்கள். உங்கள் முன் சக்கரம் அவர் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் வரவே கூடாது. அவர் குழியைக் கண்டு ஒதுங்கினால் உரசும், விழுவது பின்னவர். முன்னால் போகிறவர் "குழி", "நாய்", "கல்" என்று கத்த வேண்டும். பிரிந்துவிட்டால் அடுத்த சாலைச் சந்திப்பில் காத்திருப்பது என்று முதலிலேயே பேசிவையுங்கள். அடுத்த தண்ணீர்ப் பந்தலில் என்று பேசினால் நட்பு முறியும்.

ஏற்பாட்டாளர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கொடியசைப்பு எத்தனை மணிக்கு, பேச்சாளர் எத்தனை பேர்? நம் பக்கம் ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது. முன்விளக்கும் பின்சிவப்பும் போட்டு ஆறரைக்குக் கிளம்பினால் பத்தரைக்குள் வீடு. பிரமுகருக்காக எட்டரை வரை டீசட்டையோடு நிற்கவைத்தால் கடைசி 20 கிலோமீட்டர் உச்சி வெயிலில்தான். நிதி திரட்ட வந்தவர்களை மயக்கம் போடவைத்து யாருக்கு என்ன லாபம்?

பணத்தை உங்கள் சொந்த வங்கிக் கணக்குக்கு வாங்காதீர்கள், நல்ல எண்ணத்தோடுகூட. கொடுப்பவர் நேராகப் பள்ளியின் அல்லது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கணக்குக்கே போடட்டும். சந்தையிலும் கோயில் வாசலிலும் உண்டியல் ஏந்தப் போலீஸ் அனுமதி வேண்டும், 1947-இலிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. வரிவிலக்கு ரசீது தருகிறோம் என்று யாராவது சொன்னால் வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். "கிலோமீட்டருக்கு ஒரு ரிங்கிட்" என்று வாக்கு வாங்கியிருந்தால், நீங்கள் 40-இல் நின்றால் 40 ரிங்கிட்தான். முழுத் தொகையாக வாங்கிவிட்டால் அந்தப் பதற்றம் இல்லை, முட்டி வலித்தால் இறங்கிக்கொள்ளலாம்.