பழைய பைக்குக்கு எந்தப் பார்ட்ஸை நம்பலாம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

உற்பத்தி நின்றுபோன வண்டிகளை வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது பார்ட்டை அளந்து, மாட்டி, வண்டி ஒழுங்காக ஓடுகிற வரைக்கும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். தேய்ந்திருந்தாலும் சரி, உடைந்திருந்தாலும் சரி, புதியதை ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் இருக்கிற ஒரே அளவுகோல் அதுதான்.

கேள்வி: என் வண்டிக்குக் கம்பெனி பார்ட்ஸ் வருவது நின்று பல வருடம் ஆகிறது. வெளி மார்க்கெட்டில் கிடைப்பதெல்லாம் டூப்ளிகேட்தான் என்கிறார் மெக்கானிக். உண்மையா?

இல்லை. ஒரு கம்பெனி தன் பெயரைப் போட்டுத் தானே தயாரித்து விற்பது வேறு, இன்னொருவர் பெயரைத் திருடி ஒட்டி விற்பது வேறு. டூப்ளிகேட் என்பது இரண்டாவது வகை. முதல் வகையில் அருமையான சரக்கும் இருக்கிறது, குப்பையும் இருக்கிறது, அதனால் பொதுவாக நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது, ஒவ்வொரு பார்ட்டாகத்தான் பார்க்க வேண்டும்.

பேரிங், செயின், பிளக், ஆயில் சீல் போன்றவற்றைப் பைக் கம்பெனிகளே பெரும்பாலும் வெளியே வாங்கித்தான் பூட்டின. பேரிங் அளவு உலகம் முழுக்க ஒன்றுதான்: 6202 என்றால் உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 35, அகலம் 11, யார் செய்தாலும் இதே. பழைய பேரிங்கின் ஓரத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்து, பெயர் பெற்ற பேரிங் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்கிவிடுங்கள், பைக் பெயர் போட்ட பெட்டியே தேவையில்லை. எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள், உள்ளே இடைவெளி கொஞ்சம் கூடுதல் என்று அர்த்தம், சூடாகிற இடத்துக்கு அது அவசியம். ஆயில் சீலும் இப்படித்தான், உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் பொருந்தி, ரப்பர் அந்த இடத்துச் சூட்டைத் தாங்கக்கூடியதாக இருந்தால் போதும்.

கேள்வி: ரீபோர் செய்து புது பிஸ்டன் போட்டேன். ரன்னிங்-இன் முடிவதற்குள் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பிஸ்டன் மட்டமா, லேத் வேலை மட்டமா?

இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அடிக்கடி நடப்பது மூன்றாவது ஒன்று: 0.50 ஓவர்சைஸ் (முதல் அளவைவிட 0.50 மி.மீ. பெரியது) என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி போரை, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையை, வெட்டிவிடுகிறார்கள், பிஸ்டனை யாரும் அளப்பதில்லை. பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான், அதனால் பிஸ்டன் 0.02 பெரிதாக வந்தாலே இடைவெளியில் பெரும்பகுதி போய்விடும். பிஸ்டன் முதலில் கையில் இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் ஸ்கர்ட்டின் (ரிங்குகளுக்குக் கீழே உள்ள பிஸ்டன் சுவர்) கீழ்ப்பக்கம், பிஸ்டன் பின் (pin) போகும் துளைக்குக் குறுக்காக அளந்து, அந்த அளவோடு இடைவெளியைக் கூட்டித்தான் போர் வெட்ட வேண்டும். "பழைய மேனுவலில் போட்டிருக்கிற இடைவெளியைத்தான் வைத்தோம்" என்று பட்டறையில் சொல்வார்கள், அதுவும் போதாது. மேனுவல் கணக்கு அந்தக் காலத்து வார்ப்பு பிஸ்டனுக்கு. நீங்கள் வாங்கியது ஃபோர்ஜ்டு, அதாவது அழுத்தி அடித்துச் செய்த பிஸ்டன் என்றால் அது சூட்டில் பொதுவாகக் கூடுதலாக விரியும், தயாரித்தவர் கொடுத்திருக்கிற அளவையே எடுங்கள். அந்தத் தாளே இல்லாமல் வருகிற பிஸ்டனை நான் வாங்க மாட்டேன்.

அடுத்து ரிங். ரிங்கை மட்டும் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜில் (மெல்லிய அளவுத் தகடுகள்) பாருங்கள். மேனுவல் இல்லாவிட்டால் போர் 25 மி.மீ.க்கு 0.1 என்று பழைய கணக்கு ஒன்று உண்டு, 50 மி.மீ. போருக்கு 0.2 வரும். குறைவாக இருந்தால் அரத்தில் தேய்த்துச் சரி செய்யலாம், மிகவும் அதிகமாக இருந்தால் ரிங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். பழைய பிஸ்டனையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, பின் துளையிலிருந்து தலை வரை உயரம், ஸ்கர்ட்டின் நீளம், ஜன்னல்களின் இடம் எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். உயரமோ ஸ்கர்ட் நீளமோ மாறினால் போர்ட் (சிலிண்டர் சுவரில் வாயு போய்வரும் வாசல்) திறக்கிற, மூடுகிற நேரமே மாறிவிடும். ரிங் முனையை நிறுத்தும் சின்ன ஊசி போர்ட்டுக்கு நேராக வரக்கூடாது, வந்தால் ரிங் முனை போர்ட்டில் மாட்டி உடையும். கிட்டோடு வரும் சர்க்ளிப்பை (பிஸ்டன் பின் கழன்று வராமல் பிடிக்கும் வளையக் கம்பி) விரலால் அழுத்திப் பாருங்கள், சுலபமாக வளைந்து அப்படியே நின்றுவிட்டால் நல்ல கம்பெனி சர்க்ளிப்பைத் தனியாக வாங்கிப் போடுங்கள். அந்தத் துண்டுக் கம்பி கழன்றால் போரில் ஆழமாகக் கோடு விழும், மொத்த வேலையும் வீண்.

கேள்வி: பெட்டி பிரிக்காத பழைய கம்பெனி ஸ்டாக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

உலோகம் என்றால் தாராளமாக வாங்கலாம். கியர், ஷாஃப்ட், கேம், பிஸ்டன், ஜெட், துருப்பிடிக்காமல் இருந்தால் அதைவிட நல்லது கிடைக்காது. ரப்பர் என்றால் வேண்டாம். ஆயில் சீல், ஓ-ரிங், பிரேக் கப் எல்லாம் பெட்டிக்குள் இருந்தாலும் வயதாகும், இறுகிப்போன சீல் மாட்டிய கொஞ்ச நாளிலேயே ஒழுகும். தக்கை கேஸ்கெட் சுருங்கியிருக்கும். பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, அதை உப்புத்தாளில் தேய்ப்பதும் தூசியைக் காற்றடித்து ஊதுவதும் நுரையீரலுக்கு ஆபத்து.

கேள்வி: கார்புரேட்டர் ரிப்பேர் கிட் வாங்கி எல்லாவற்றையும் மாற்றிய பிறகுதான் வண்டி முன்பைவிட மோசமாக ஓடுகிறது. எப்படி?

நன்றாக இருந்த பித்தளை ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள திருகு) எடுத்துவிட்டு, அளவு தெரியாத பித்தளையைப் போட்டுவிட்டீர்கள். கிட்டில் எனக்குப் பயன்படுவது கேஸ்கெட்டும் ஓ-ரிங்கும்தான், அதுவும் இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரப்பராக இருந்தால். ஜெட்டைக் கரைப்பானில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்து, அதையே திரும்பப் போடுங்கள், உள்ளே கம்பி விட்டுக் குடைய வேண்டாம். எண் ஒன்றாக இருந்தால் ஜெட்டும் ஒன்று என்றும் நினைக்க வேண்டாம். கெய்ஹின் கம்பெனி கார்புரேட்டரில் எண் என்பது துளையின் விட்டம், 100 என்றால் 1.00 மி.மீ. மிக்குனி கம்பெனியின் அறுகோண மெயின் ஜெட்டில் எண் என்பது நிமிடத்துக்கு எவ்வளவு பாய்கிறது என்ற கணக்கு. இரண்டையும் ஒரே அச்சில் காப்பி அடிக்கிறவர்கள் எந்தக் கணக்கில் எண் போட்டார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. திராட்டிலோடு ஏறி இறங்கிப் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் நீடிலும் அப்படித்தான், நீளம் சரியாக இருக்கும், சரிவு மாறியிருக்கும், பாதி திராட்டிலில் திணறும். பழைய நீடிலும் நீடில் ஜெட்டும் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் அந்தக் கார்புரேட்டர் கம்பெனியின் ஜோடியையே தேடி வாங்குங்கள். காத்திருக்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: விலை குறைந்த பிரேக் ஷூ போடலாமா? டிரம் பிரேக்தானே, வேகமும் குறைவு.

வேண்டாம். லைனிங் ஷூவிலிருந்து பெயர்ந்தால் டிரம்முக்குள் சிக்கி சக்கரமே பூட்டிக்கொள்ளும், இது வேகம் குறைந்த வண்டிக்கும் பொருந்தும். நல்ல பழைய ஷூ உலோகம் கையில் இருந்தால், அதில் பிரேக் வேலையே செய்கிற ஒருவரிடம் புது லைனிங் ஒட்டி வாங்குவது பல நேரங்களில் புது ஷூவைவிட நன்றாக அமையும். எதைப் போட்டாலும் லைனிங்கின் வளைவு டிரம்மோடு முழுக்க உட்காருகிறதா என்று சாக்குக்கட்டி பூசிப் பாருங்கள், நடுவில் மட்டும் தொட்டால் பிரேக் பிடிக்காது.

கேள்வி: பாயிண்ட் வைத்த வண்டி. எஞ்சின் சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறினால் கிளம்புகிறது. புது கண்டென்சர் போட்டும் அதே கதை.

புது கண்டென்சரும் கெட்டதாக இருக்கலாம், வெளி மார்க்கெட் சரக்கில் என்னை அதிகம் வெறுப்பேற்றுவது இதுதான். பெரும்பாலும் 0.2 மைக்ரோஃபாரடை ஒட்டி இருக்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது மீட்டரில் சரியாகக் காட்டிவிட்டு சூட்டில் கசிகிற ரகம் நிறைய. பாயிண்ட் (பிளக் பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) திறக்கிற இடத்தில் நீலமாகப் பெரிதாகப் பொறி பறந்தால் முதல் சந்தேகம் கண்டென்சர்மேல்தான். அதே அளவுள்ள, போதிய வோல்ட் தாங்கும் நல்ல ஃபிலிம் கண்டென்சரை எஞ்சின் சூடு படாத இடத்தில் வைத்து ஒயர் இழுத்துக்கொள்ளலாம், பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அப்படியும் நின்றால் சூட்டிலேயே இக்னிஷன் காயிலைச் சோதியுங்கள்.

கேள்வி: என் வண்டிக்கான பிளக் கிடைக்கவில்லை. வேறு கம்பெனியில் அதே எண் போடலாமா?

கூடாது. என்ஜிகே கம்பெனியில் எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சியானது (சூட்டை வேகமாக வெளியே கடத்தும்), சாம்பியனிலும் பாஷிலும் எண் ஏற ஏறச் சூடானது. ஒப்பீட்டு அட்டவணை பார்த்துத்தான் மாற்ற வேண்டும். மரையின் நீளத்தையும் பாருங்கள்: என்ஜிகேயின் பி8எச்எஸ் என்பதில் எச் 12.7 மி.மீ., அந்த இடத்தில் இ என்று இருந்தால் 19 மி.மீ. குட்டை பிளக் போட வேண்டிய தலையில் நீள பிளக்கை முறுக்கினால் பிஸ்டனில் போய் இடிக்கலாம், மாட்டியதும் கிக்கரைக் கையால் மெதுவாக ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள்.