வேண்டுமென்றே தோற்ற அணிக்காக பிலடெல்பியா ரேடியோவில் ஏன் அத்தனை சண்டை?

நீங்கள் கேட்பது பிலடெல்பியாவின் என்பிஏ கூடைப்பந்து அணியான செவன்டி சிக்ஸர்ஸின் 2013–16 காலம். பொது மேலாளர் சாம் ஹிங்கி தேறிய ஆட்டக்காரர்களைக் கைமாற்றிவிட்டு, டிராஃப்ட் வாய்ப்புகளைக் குவித்தார். டிராஃப்ட் என்பது அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது; அதிகம் தோற்ற அணிக்கு முன்வரிசை கிடைக்க வாய்ப்பு அதிகம். மூன்று சீசனில் வெற்றிகள் 19, 18, கடைசியில் 82 ஆட்டத்தில் வெறும் 10.

டபிள்யூஐபி என்ற விளையாட்டு ரேடியோ நிலையத்துக்கு போன் போட்டவர்கள் இரண்டு கட்சி. "காசு கொடுத்து டிக்கெட் வாங்குபவன் இளிச்சவாயனா?" என்பது ஒன்று. நடுத்தரத்திலேயே கிடந்தால் கோப்பையும் வராது, நல்ல இளம் வீரனும் வரமாட்டான் என்பது மற்றொன்று. கூடைப்பந்தில் களத்தில் ஐந்தே பேர். ஒருவன் அணியையே தூக்கி நிறுத்தலாம். 53 பேர் கொண்ட, அதே ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஈகிள்ஸுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

சிக்கல் டிராஃப்டில் முதல் இடங்களை முடிவுசெய்யும் குலுக்கலில்தான். அன்று கடைசி அணிக்கு முதல் தேர்வு கிடைக்க 25 சதவீதமே வாய்ப்பு. நான்காவதற்குக் கீழே இறங்காது, அவ்வளவுதான். 2014-ல் மூன்றாவதாக எடுத்த எம்பீட் காயத்தால் இரண்டு சீசன் ஆடவே இல்லை. எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றியது அதுதான். 2016 ஏப்ரலில் ஹிங்கி விலகினார். இரண்டே மாதத்தில் முதல் தேர்வாக பென் சிம்மன்ஸ் வந்தார்!

2019-ல் இதை கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம் என்று மாற்றினார்கள். தோற்பதில் லாபம் குறைந்தது.